கையால் தள்ளும் புல்வெட்டி மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

கோவையில் எங்கள் வீட்டு முன்வாசலில் ஏறக்குறைய 500 சதுர அடிக்கு அருகம்புல் தரை இருக்கிறது. அதை வெட்ட 14 அங்குல ரீல் மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். பெட்ரோலும் கிடையாது, வயரும் கிடையாது. கையால் தள்ள வேண்டியதுதான். ஒன்பது வருடமாக ஓடுகிறது. எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீடுகளில் இதே மாதிரி மெஷின் உண்டு. மூன்றும் கார் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்தன. கேட்டால், "வெட்டவே மாட்டேங்குதுங்க, புல்லை மடிச்சுப் போட்டுட்டுப் போகுது" என்றார்கள். மூன்றையும் கவிழ்த்துப் பார்த்தேன். எதுவும் உடையவில்லை, எதற்கும் ஸ்பேர் தேவைப்படவில்லை. ஒரு ஸ்பேனரும் ஒரு பழைய செய்தித்தாளும் போதுமானதாக இருந்தன. நல்ல மெஷினை யாரும் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் மெஷினில் ஒரே பிளேடு படுவேகமாகச் சுற்றிப் புல்லை அடித்து அறுக்கும். ரீல் மெஷின் அப்படி இல்லை, அது கத்தரிக்கோல். உருளையில் முறுக்கிச் சுற்றியிருக்கும் ஐந்து பிளேடுகளும் கத்தரிக்கோலின் ஒரு தகடு. அடியில் அசையாமல் நிற்கும் தட்டையான பிளேடு இன்னொரு தகடு. உருளையை ரீல் என்றும், அடியில் இருப்பதைக் கீழ்ப் பிளேடு என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன். 1830இல் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் ஊருக்குப் பக்கத்தில் எட்வின் பட்டிங் என்பவர் இதை உருவாக்கியபோது, அவருக்கு வழிகாட்டியது கம்பளி ஆலை இயந்திரம் ஒன்று. நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராகக் கத்தரிப்பது அதன் வேலை. தையற்கடையில் பார்த்திருப்பீர்கள்: கத்தரிக்கோலின் நடுத்திருகு தளர்ந்துவிட்டால், எவ்வளவு கூர் இருந்தாலும் துணி அறுபடாது, இரண்டு தகடுக்கும் நடுவில் மடங்கிச் சிக்கும். புல்லுக்கும் அதேதான். கூர் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இடைவெளியைப் பாருங்கள்.

எந்தக் கோளாறு என்றாலும் முதலில் தாள் சோதனை

மெஷினைக் கவிழ்த்து, கைப்பிடி தரையில் படும்படி வையுங்கள். பிளேடுகளில் ஒட்டியிருக்கும் காய்ந்த புல்லையும் மண்ணையும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். ரீலை விரலால் சுற்றவே சுற்றாதீர்கள். ஒரு பிளேடைத் தள்ளும்போதே அடுத்த பிளேடு வந்து விரலைக் கீழ்ப் பிளேடோடு சேர்த்துப் பிடித்துவிடும். தோல் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு மரக்குச்சியால் பிளேடின் முதுகைத் தள்ளிச் சுற்றுங்கள். குழந்தைகளை அந்த நேரத்தில் பக்கத்தில் விட வேண்டாம்.

செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, கீழ்ப் பிளேடின் மேல் நீட்டிப் பிடித்து, வெட்டும்போது ரீல் சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். 'சக்' என்று தாள் துண்டாகி விழுந்தால் அந்த இடம் சரி. மடங்கி உள்ளே போனால் இடைவெளி அதிகம். பாதி அறுந்து பாதி பிய்ந்தால் இடைவெளியும் இருக்கலாம், கூரும் போயிருக்கலாம். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்திலும், ஐந்து பிளேடுகளிலும் பாருங்கள். மொத்தம் பதினைந்து வெட்டு, ஐந்து நிமிட வேலை.

இடைவெளியைக் குறைப்பது திருகுகளின் வேலை. பெரும்பாலான மெஷின்களில் கீழ்ப் பிளேடின் இரண்டு ஓரத்திலும் முன்னும் பின்னுமாக இரண்டிரண்டு திருகுகள் இருக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் கீழ்ப் பிளேடு ரீல் பக்கம் சாயும். மாற்றிச் செய்தால் விலகும். ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். வலது பக்கம் அரைக்கால் சுற்று, இடது பக்கம் அரைக்கால் சுற்று, மறுபடி தாள். பொறுமை இல்லாமல் ஒரே பக்கம் முழுச்சுற்று இறுக்கிவிட்டால் ரீல் ஒரு ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், மறு ஓரம் திறந்தே கிடக்கும். சரியான இடத்துக்கு வந்துவிட்டதைக் காதே சொல்லிவிடும். ரீலைச் சுற்றினால் பட்டுப்புடவை உரசுகிற மாதிரி மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் வரும், தடையில்லாமலும் சுற்றும். பிளேடுகள் ஒன்றையொன்று தொடாமலே வெட்டும்படி செய்த மாடல்களும் உண்டு. அவற்றில் தாளின் கனத்துக்கும் குறைவான இடைவெளி விட்டிருப்பார்கள், அந்தச் சத்தம் வராது. உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பார்த்துவிட்டுத் திருகில் கை வையுங்கள்.

புல் மடங்கிப் படுக்கிறது, அப்புறம் எழுந்து நிற்கிறது

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்லும் குறை இதுதான். தாள் சோதனையில் மெஷின் தேறவில்லை என்றால் காரணம் தெரிந்துவிட்டது. தேறிய பிறகும் மடக்கினால், தப்பு மெஷினில் இல்லை, புல்லின் உயரத்தில் இருக்கிறது.

ரீல் மெஷின் வளர்ந்த புல்லை வெட்டாது. உயரமான புல்லின் தலையை முன்னால் இருக்கும் கம்பியும் ரீலும் முன்பக்கம் சாய்த்துவிடும். சாய்ந்த புல் கீழ்ப் பிளேடுக்கு நிமிர்ந்து வராது. ஒரு தடவை வெட்டும்போது மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல்தரைக்காரர்களின் பழைய கணக்கு. தரையை ஒரு அங்குலத்தில் வைத்திருக்க நினைத்தால், புல் ஒன்றரை அங்குலம் ஆவதற்குள் மெஷின் இறங்கிவிட வேண்டும். கோடையில் வாரம் ஒரு தடவை போதும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அருகம்புல்லுக்கு நான்கு நாளைக்கு ஒரு தடவை இல்லாமல் முடியாது. அதுவும் இரண்டு மழைக்கு நடுவில் வெயில் அடிக்கிற நேரம் பார்த்து.

ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்தால் என்ன செய்வது? மெஷினின் பின்னால் தரையில் உருண்டு வரும் சிறு உருளை ஒன்று உண்டு; இந்தப் பின் உருளையின் இரண்டு பக்கமும் உயரம் மாற்றும் குமிழோ பள்ளமோ இருக்கும். இருப்பதிலேயே அதிக உயரத்தில் வைத்து ஒரு முறை தள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு, ஒரு படி இறக்கி, முன்பு போன திசைக்குக் குறுக்கே தள்ளுங்கள். ஒரே நாளில் மொட்டை அடிக்க வேண்டாம். முழங்கால் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்றால் அரிவாளால் முதலில் அரிந்துவிடுவதே நல்லது.

நடையையும் கவனியுங்கள். ரீல் சுற்றுவது சக்கரத்தால்தான், சக்கரம் உருள்வது உங்கள் நடையால்தான். தயங்கித் தயங்கி நடந்தால் ரீலும் தயங்கும். கோவில் பிராகாரம் சுற்றுகிற நடை போதும், ஆனால் நிற்காத நடை. பனி ஈரத்தோடு வெட்டினாலும் புல் ஒட்டிக்கொண்டு மடங்கும். எங்கள் வீட்டில் காலை ஒன்பதுக்கு முன்னால் மெஷினை வெளியே எடுப்பதில்லை. அந்த நேரத்துக்குள் அம்மா பிள்ளையாருக்கு வேண்டிய இளம் நுனிகளைக் கிள்ளி முடித்திருப்பார். மெஷின் போன பிறகு பூஜைக்கு ஒரு நல்ல நுனி கிடைக்காது, அதனால் இந்த வரிசை மாறுவதே இல்லை.

வெட்டிய பிறகும் கோடு கோடாகப் புல் நிற்கிறது

கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடையில் கோடு என்றால் சக்கரத்தின் அகலத்தை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. மெஷினின் மொத்த அகலத்தைவிட வெட்டும் அகலம் குறைவு. போன தடத்தின் மேல் மூன்று அங்குலம் ஏறி வாருங்கள், போய்விடும்.

மெஷினின் ஒரே இடத்தில், போகிற வழியெல்லாம் விரல் கனத்துக்கு ஒரு வரி நின்றால் பிளேடில் பல் விழுந்திருக்கிறது. கல்லோ ஆணியோ பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தை முழுதாகத் தேய்த்து எடுக்க முயலாதீர்கள். சுற்றியிருக்கும் நல்ல இரும்பும் போய்விடும். பள்ளத்தின் ஓரத்தில் மேடாகப் பிதுங்கி நிற்பதை மட்டும் சின்ன அரத்தால் சமன் செய்யுங்கள். அந்தப் பிசிறுதான் கீழ்ப் பிளேடை விலக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் புல்லையும் தப்பவிடுகிறது.

அங்கங்கே ஒல்லியாக, விறைப்பாகத் தண்டுகள் நிற்கின்றனவா? அது அருகம்புல்லின் பூந்தண்டு, அல்லது கோரை. எந்த ரீல் மெஷினும் அவற்றை முழுக்க எடுக்காது. பூந்தண்டைக் கத்தரியால் வெட்டுங்கள், அடுத்து ஒழுங்காக நாள் தவறாமல் வெட்டினால் குறைந்துவிடும். கோரையை வெட்டிப் பயனில்லை. மண் ஈரமாக இருக்கும்போது கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும்.

இரண்டாம் நாள் தரை முழுக்க நுனி வெளுத்துப் பழுப்பாகிறது

குனிந்து ஒரு இலையைக் கிள்ளி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நன்றாக வெட்டிய இலையின் நுனி நகம் வெட்டின மாதிரி ஒரே கோடாக இருக்கும். உங்கள் கையில் இருப்பதில் நுனி பிய்ந்து, வெள்ளை நார் இரண்டு மூன்று தொங்குகிறதா? அந்த நார்தான் காய்ந்து தரை முழுக்கப் பழுப்பாகத் தெரிகிறது. பூச்சியும் இல்லை, நோயும் இல்லை, மருந்து வாங்க ஓட வேண்டாம். இடைவெளி சரியாக இருந்தும் இப்படி வந்தால்தான் கூர் மழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

இங்கேதான் நான் ஒரு தடவை நன்றாகப் பட்டுவிட்டேன். நாலாவது வருடம், மெஷினைக் கழற்றி ஒரு சாணைப் பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் ஒவ்வொரு பிளேடையும் அரிவாள் மாதிரி சரிவாகத் தீட்டி, பளபளவென்று கொடுத்தார்கள். விரலை வைத்தால் அறுக்கும், புல்லை வைத்தால் மடக்கும். ஒவ்வொரு பிளேடும் வெவ்வேறு அளவுக்குத் தேய்ந்து, ரீலின் வட்டமே கெட்டுப்போயிருந்தது. கடைசியில் லேத் பட்டறை ஒன்றில், ரீலை அச்சோடு சுழலவிட்டு எல்லாப் பிளேடையும் ஒரே வட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மெஷின் பிழைத்தது. இதில் கூர் என்பது தனிப் பிளேடின் கூர் இல்லை; இரண்டு விளிம்பும் முழு நீளத்துக்கும் பொருந்தி வருவதுதான் கூர்.

அதை வீட்டிலேயே செய்யலாம். ஆட்டோமொபைல் ஸ்பேர் கடையில் இன்ஜின் வால்வு தேய்க்கும் கிரைண்டிங் பேஸ்ட் என்று கேளுங்கள். டப்பாவில் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறு பக்கம் நைசாகவும் இருக்கும்; சொரசொரப்பான பக்கம்தான் வேண்டும். முதலில் ரீலும் கீழ்ப் பிளேடும் லேசாகத் தொடும்படி திருகை வையுங்கள். பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் எல்லாப் பிளேடு விளிம்பிலும் பேஸ்ட்டைத் தடவுங்கள். பிறகு ரீலை வெட்டும் திசைக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். சில மெஷின்களில் அதற்கென்று கைப்பிடி மாட்ட இடம் இருக்கும். இல்லையென்றால் ஒரு சக்கரத்தைக் கழற்றி, அச்சின் முனையில் இருக்கும் சிறு பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, அச்சைப் பிடித்துத் திருப்ப வழி செய்துகொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் சுற்றி, துணியால் துடைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பிளேடு விளிம்பிலும் ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு, அறுபடாமல் ஓட வேண்டும். எங்கே கோடு விடுபடுகிறதோ அங்கே இன்னும் பொருந்தவில்லை. அரைக்கால் சுற்று இறுக்கி, மறுபடி பேஸ்ட். முடிந்ததும் பேஸ்ட் ஒரு துளிகூட மிச்சமில்லாமல் கழுவுங்கள். பேரிங்குக்குள் போனால் அதையும் தின்றுவிடும். துடைத்து எண்ணெய் போட்டு, தாள் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். வருடத்துக்கு ஒரு முறை இது போதும்.

வெட்டிய உடனேயே திட்டுத் திட்டாகப் பழுப்பு

இரண்டாம் நாள் வருவது வேறு, அப்போதே தெரிவது வேறு. இது புல்லின் பச்சை மேல்பகுதி முழுக்கப் போய், அடித்தண்டு வெளியே வந்துவிட்டதன் அடையாளம். தரையில் மேடு இருந்தால் அங்கே மட்டும் வரும். மணலும் செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து, பள்ளங்களில் அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் தூவிப் பெருக்கிவிடுங்கள். புல் ஏறி வந்ததும் அடுத்த அரை அங்குலம். எல்லா இடத்திலும் வந்தால் உயரத்தை ஒரு படி கூட்டுங்கள். ஒரு பக்கமாகவே வந்தால் பின் உருளையின் இரண்டு முனையும் ஒரே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. உயரமானவர்கள் தள்ளும்போது கைப்பிடியோடு மெஷினின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்கள். பின் உருளை தரையைவிட்டு எழும்பி எழும்பி இறங்கினால் வெட்டும் உயரம் ஒரே சீராக நிற்காது. கைப்பிடி இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும்படி போல்ட்டை மாற்றிப் போடுங்கள்.

தள்ளவே முடியவில்லை, தோள் வலிக்கிறது

புதிதாக அட்ஜஸ்ட் செய்த பிறகு வந்தால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள். தளர்த்துங்கள். இறுக்கிவைத்தால் நன்றாக வெட்டும் என்று நினைப்பது இயற்கைதான், ஆனால் அது பிளேடைத்தான் தின்னும்.

பழைய மெஷின் என்றால் சக்கரத்துக்கும் ரீலுக்கும் நடுவில் பாருங்கள். எங்கள் வாசலில் ஒரு தென்னை நிற்கிறது. மாதம் ஒரு முறையாவது ரீலின் ஓரத்தில் ஈர்க்கும் நாரும் கயிறு மாதிரி முறுக்கிச் சுற்றியிருக்கும். கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, அச்சு சுழலும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டால் மெஷின் பூவாக ஓடும். தண்ணீர் விட்ட அன்றைக்குச் சக்கரம் மண்ணில் அழுந்தும், அதனாலும் கனக்கும்.

கொரியன் புல் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் புல்லே விறைப்பு, அடர்த்தியும் அதிகம். அருகம்புல்லில் ஓடுகிற லேசில் அங்கே ஓடாது. அது மெஷினின் குறை இல்லை. இன்னும் அடிக்கடி, இன்னும் கொஞ்சமாக வெட்டுங்கள்.

ஓடிக்கொண்டே இருக்கும்போது ரீல் சட்டென்று நின்றுவிடுகிறது

வேப்பங்குச்சி, குரும்பை, கூழாங்கல், எதுவாவது மாட்டியிருக்கும். முன்னால் தள்ளி உடைக்கப் பார்க்காதீர்கள், பிளேடு வளைந்துவிடும். மெஷினைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டு, குச்சியால் தட்டி எடுங்கள். கை வேண்டவே வேண்டாம். அடைப்பு நீங்கிய நொடியில் ரீல் தானாகக் கால் சுற்றுச் சுற்றும்; விரலுக்கு அது போதும். வெட்டுவதற்கு முன்னால் வெறுமனே ஒரு நடை நடந்து குச்சி பொறுக்கிவிட்டால் இந்தப் பிரச்சினையே பெரும்பாலும் இல்லை.

சக்கரம் உருள்கிறது, ரீல் சுற்றவில்லை

சக்கரம் புல்லில் வழுக்குகிறதா, நன்றாக உருண்டும் ரீல் அசையவில்லையா? வழுக்கினால் ஈரம், அல்லது உயரம் மிகத் தாழ்வு. உருண்டும் அசையவில்லை என்றால் சக்கரத்துக்குள் பார்க்க வேண்டும்.

சைக்கிள் ஃப்ரீவீல் தெரியும் அல்லவா? முன்னால் மிதித்தால் பிடிக்கும், பின்னால் மிதித்தால் 'டக் டக்' என்று சும்மா சுற்றும். இங்கேயும் சிறு பல்சக்கரத்துக்கு நடுவில் ஒரு சின்ன இரும்புத் துண்டு அந்த வேலையைச் செய்கிறது. பழைய கிரீஸும் புல்தூளும் சேர்ந்து களிம்பாகிவிட்டால் அது ஒட்டிக்கொண்டு பிடிக்காது. மூடியைக் கழற்றி, லாக்கை எடுத்து, சக்கரத்தை உருவி, மண்ணெண்ணெயில் கழுவுங்கள். அங்கே கெட்டி கிரீஸ் அப்ப வேண்டாம், மெல்லிய எண்ணெய் போதும். துண்டின் விளிம்பு உருண்டு தேய்ந்திருந்தால் புதிது போடத்தான் வேண்டும்.

கழற்றும் முன் இரண்டு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடது பல்சக்கரமும் வலது பல்சக்கரமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றி மாட்டிவிட்டால் முன்னால் தள்ளும்போது ரீல் தூங்கும், பின்னால் இழுத்தால் சுற்றும். சர்வீஸ் செய்த மறுநாள் "மெஷின் போச்சு" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சத்தம் மாறிவிட்டது

பின்னால் இழுக்கும்போது வரும் 'டக் டக்' இயல்பானது, பயப்பட வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் 'கிர்ர்' என்று உரசினால் ஒரு பிளேடு வளைந்திருக்கிறது. குச்சியால் மெதுவாகச் சுற்றி, எந்தப் பிளேடு எந்த இடத்தில் தட்டுகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு, மரக்கட்டையை அணைத்து வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டி நிமிர்த்துங்கள். வழக்கமான 'ஸ்ஸ்' நின்றுபோய் மெஷின் அமைதியாக ஓடினால் இடைவெளி விழத் தொடங்கிவிட்டது. அன்றைக்கே தாளை எடுங்கள்.

தரை அலை அலையாகத் தெரிகிறது

ஒவ்வொரு தடவையும் ஒரே திசையில் தள்ளுவதால் வருவது. இந்த வாரம் நீளவாக்கு, அடுத்த வாரம் குறுக்குவாக்கு.

சுவர் ஓரம் வெட்டுப்படவில்லை

சக்கரம் வெளியே இருப்பதால் இரண்டு மூன்று அங்குலம் தப்பும். கத்தரிதான் வழி. சுவரை ஒட்டிப் புல் மட்டத்திலேயே ஒரு வரிசை செங்கல் பதித்துவிட்டால் சக்கரம் அதன் மேல் ஏறிப் போகும். நான் போன வருடம் பதித்தேன், ஓர வேலை அரை மணியிலிருந்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது.

மழைக்குப் பிறகு பிளேடெல்லாம் செந்துரு

மேலோட்டமான துரு என்றால் எண்ணெய்த் துணியால் துடைத்து, புல்லில் நாலு நடை தள்ளினாலே விளிம்பு வெளுத்துவிடும். செதில் செதிலாக உரிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அப்புறம் கிரைண்டிங் பேஸ்ட். வெட்டி முடித்த கையோடு ஈரப்புல்லைத் தட்டிவிட்டு, எண்ணெய்த் துணியால் ஐந்து பிளேடையும் ஒரு இழுப்பு இழுத்து, தரையில் படாமல் சுவரில் மாட்டிவையுங்கள். எண்ணெய்த் துணியையும் அதே ஆணியில் தொங்கவிட்டால் தேட வேண்டியிருக்காது.